சகலைக்குக் கிடைக்கக் கூடாத ஆம்ப்

கடவுள் வேலைவெட்டி இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து படைத்த உறவு ஒன்று உண்டு என்றால் அது சகலை உறவுதான். அண்ணன் தம்பியோடு மல்லுக்கு நிற்கலாம், மச்சானை முறைக்கலாம், மாமனாரைப் பற்றிப் பின்னால் நாலு வார்த்தை பேசலாம். சகலையை என்ன செய்ய முடியும்? ஒரே வீட்டில் பெண் எடுத்துத் தொலைத்தாயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் புதிதாக வாங்கியதையெல்லாம் பார்த்து 'நல்லா இருக்கு' என்று பல்லைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

கிள்ளானில் மேரு ரோட்டுப் பக்கம் குடியிருந்த யுகேந்திரன் கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கப்பல் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை. ஐம்பத்தாறு வயது. அவன் சகலை சபாபதி பிரிக்ஃபீல்ட்ஸில் ஏர்கான் பொருத்தும் கம்பெனி வைத்திருந்தான். யுகேந்திரன் கட்டியது மலர்விழியை. சபாபதி கட்டியது அவளுடைய அக்கா தமயந்தியை. சபாபதிக்குக் காரும் உண்டு, கொண்டோ வீடும் உண்டு, எங்கே போனாலும் நாலு பேர் சுற்றி நின்று சிரிக்கிற ராசியும் உண்டு. இதிலெல்லாம் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று யுகேந்திரன் சொல்வான். கேட்காதவர்களிடம்கூடச் சொல்வான்.

ஆனால் பாட்டு அப்படியல்ல. பாட்டு அவன் சொத்து. குடும்பத்தில் நல்ல ஒலிக்கருவி என்றால் என்ன என்று முதலில் கண்டுபிடித்தவனே அவன்தான். வீட்டில் ஓர் அறையை அதற்கென்றே ஒதுக்கி, ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு, ரெக்கார்ட் சுற்றும் டர்ன்டேபிள், கட்டைவிரல் தடிமனில் வயர் என்று குருவி சேர்ப்பதுபோல் சேர்த்திருந்தான். ஒருநாள் சபாபதி வந்து அந்த அறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "சகல, எனக்கும் ஒரு செட் பாத்துக் குடுலா" என்றான். இவனும் பெரிய மனசு பண்ணிப் பார்த்துக் கொடுத்தான். அங்கேதான் சனி பிடித்தது. சபாபதி அதையே வாங்கி, அதைவிடப் பெரிய ஸ்பீக்கரையும் வாங்கினான். அடுத்த தீபாவளிக்குச் சொந்தமெல்லாம் ஒரே குரலில், "சபாபதி வீட்டுல பாட்டு கேட்டா எழுந்து வரவே மனசு வரல" என்று பாடத் தொடங்கிவிட்டது. வாட்டுக்கும் ஓமுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தன் வீட்டில்! வால்யூம் திருகு ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடத் தெரியாத ஒருத்தன் வீட்டில்! அன்றைக்குப் பற்றிய வயிறு இன்னும் அணையவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை காலையில் சபாபதி போன் செய்தான்.

"சகல, பசியாறியாச்சா? ஒன்னு கேக்கணும். இங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஆன்டி அவங்க வீட்டுக்காரரோட பழைய ஆம்ப் ஒன்ன விக்கிறாங்க. ரயில்வேல இருந்த கன்னையான்னு ஒருத்தர், போன வருஷம் தவறிட்டாரு. எழுபத்தெட்டுல அமெரிக்காவுல செஞ்சதாம். முன்னாடி கறுப்புக் கண்ணாடி, உள்ள நீலமா லைட்டு, ரெண்டு முள்ளு ஆடுது. நானும் தமாவும் போய்ப் பாத்தோம். எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னாத்தான் வாங்குவேன்."

யுகேந்திரனுக்குக் கையிலிருந்த கோப்பியைக் குடிக்கவே தோன்றவில்லை. அந்த ஆம்ப் எதுவென்று அவனுக்குத் தெரியும். ரெக்கார்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டிதான் ஆம்ப். ஊரில் ஆயிரம் இருக்கிறது. ஆனால் அந்த நீலக் கண்ணாடிக்காரியை அவன் இருபது வருஷமாகப் படத்தில் மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அது போயும் போயும் சபாபதியின் கண்ணிலா பட வேண்டும்?

"எழுபத்தெட்டா?" என்றான் யுகேந்திரன், குரலில் ஒரு வைத்தியரின் கவலையை வரவழைத்துக்கொண்டு. "வேணாம் சகல. உள்ள இருக்கற கெப்பாசிட்டர் எல்லாம் காஞ்சு போயிருக்கும். ஸ்பேர் பார்ட் கெடைக்காது. அது அமெரிக்கா கரண்டுக்குச் செஞ்சது, நம்ம கரண்ட்ல சொருகினா புகைதான். தனியா டிரான்ஸ்ஃபார்மர் வைக்கணும். வீட்டுக்குள்ள யானைய கட்டித் தீனி போடற மாதிரி. வெறும் குப்பைலா அது."

"அப்படியா? நல்ல வேளை உன்கிட்ட கேட்டேன்" என்று சபாபதி மனசார நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

பாவி, யுகேந்திரன் சொன்னதில் கடைசி வார்த்தையைத் தவிர எல்லாம் உண்மை. அதனால்தான் அன்று முழுக்க யுகேந்திரனுக்குள் பஞ்சாயத்து நடந்தது. நாற்பது ஐம்பது வருஷத்துப் பெட்டி. நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே எது துருப்பிடித்திருக்கிறதோ. வீட்டில் இருக்கிற ஆம்ப் நன்றாகத்தான் பாடுகிறது. வாங்காதே என்றது புத்தி. நீ விட்டால் நாளைக்கே சபாபதி மனசு மாறி வாங்கிவிடுவான், வருகிற தீபாவளிக்கு அந்த நீல வெளிச்சத்தின் முன்னால் சொந்தபந்தம் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், நீயும் பக்கத்தில் நின்று 'நல்லா இருக்கு' என்று சொல்வாய் என்றது வயிறு. புத்தியும் வயிறும் மோதினால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மறுநாளே அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் காரை விட்டான்.

ரயில்வே கன்னையா என்று விசாரித்துக் கண்டுபிடித்த வீடு கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த நல்லம்மாளுக்கு எழுபத்தைந்து இருக்கும். ஒல்லி உடம்பு, உரத்த குரல். தான் யாருடைய சகலை என்பதைச் சொல்லாமல், கேள்விப்பட்டு வந்ததாக மட்டும் யுகேந்திரன் சொல்லிக்கொண்டான்.

முன்னறையில் அது உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், டர்ன்டேபிள், இரண்டு ஸ்பீக்கர். நல்லம்மாள் சுவிட்சைத் தட்டியதும் கறுப்புக் கண்ணாடிக்குள் நீலம் மெல்லப் பரவியது.  யுகேந்திரன் மேல் மூடியில் கையை வைத்துப் பார்த்தான். இளஞ்சூடு. ஸ்பீக்கரில் காதை வைத்தான். ஓர் இரைச்சல் இல்லை.

"அவரும் இப்படித்தான் கைய வச்சுப் பாப்பாரு" என்றாள் நல்லம்மாள். "எனக்குக் காச்சல்னு படுத்திருந்தாக்கூட மொதல்ல அவ மேலதான் கை போகும். என்னைக் கட்டி ஆறாவது வருஷம், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர்கிட்டேருந்து இவள வாங்கிக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சாரு. எனக்குச் சக்களத்தி தம்பி இவ. வெளிச்சத்தைப் பாருங்க, மினுக்கிக்கிட்டு."

"நான் எடுத்துக்கறேன் ஆன்டி. இப்பவே."

"இருங்க. கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப அவங்கள கூட்டிட்டு வாங்க. பொண்டாட்டிக்குத் தெரியாம வாங்கறவனுக்கு நான் குடுக்க மாட்டேன். அந்த அம்மா வந்து, கேட்டுட்டு, தன் வாயால சரின்னு சொல்லணும். நான் பட்டது போதும், இன்னொரு வீட்டுக்கு இவளச் சொல்லாமக் கொள்ளாம அனுப்ப மாட்டேன். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, பொண்டாட்டியோடதான் வந்தாரு."

சபாபதி இதிலும் முந்திக்கொண்டான் என்று நினைத்தபோது யுகேந்திரனுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினான்.

வீட்டுக்கு வந்து மலர்விழியிடம் விஷயத்தைச் சொன்னான். சபாபதி பேச்சை மட்டும் விழுங்கிவிட்டான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னையா? உங்க ரூமுக்குள்ள தூசி துடைக்கக்கூட என்னை விட மாட்டீங்களே."

"சும்மா வந்து தலைய ஆட்டு மலரு. ரெண்டு நிமிஷம். அப்புறம் உங்கக்கா வீட்டுல வேணும்னா விட்டுட்டுப் போறேன்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் சம்மதித்தாள். அது யுகேந்திரனுக்கும் தெரிந்தது, கொஞ்சம் சுருக்கென்றுகூட இருந்தது. இவளுக்கும் அந்த வீடு என்றால் ஏன் இப்படிக் கால் பறக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனார்கள். யுகேந்திரன் தன் ரெக்கார்டைக் கக்கத்தில் வைத்திருந்தான். ஒலிக்கருவிப் பைத்தியம் பிடித்தவன் எவனும் வெறுங்கையோடு கருவி பார்க்கப் போகமாட்டான். தனக்குப் பழகிய ஒரு பாட்டைக் கொண்டுபோய் அதை வைத்துத்தான் எடைபோடுவான். இவனுடையது ஒரு பழைய சினிமாப் பாட்டு, ரெக்கார்டின் முதல் பாட்டு. வயலின்கள் கூட்டமாக எழுந்து வரும், ஒரு வினாடி எல்லாம் அடங்கும், தபலா விழும், ஒரு பெண் மூச்சை இழுத்துப் பல்லவியைத் தொடங்குவாள். வயலின் பிசிறாமல் வருகிறதா, தபலாவில் விரலும் உள்ளங்கையும் தனித்தனியாகக் கேட்கிறதா, அந்த மூச்சு காதில் விழுகிறதா. இவ்வளவுதான் பரீட்சை.

நல்லம்மாள் மலர்விழியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர் பேர் விசாரித்தாள். பிறகு தன்பாட்டுக்குச் சொன்னாள்: "நல்ல வேளை நீங்க வந்தீங்க. மொதல்ல வந்தவரு, சபாபதின்னு, தங்கமான மனுஷன், வாங்கறதா இருந்தாரு. அப்புறம் போன் பண்ணி, 'மன்னிச்சுக்குங்க ஆன்டி, என் சகலை இது குப்பைன்னு சொல்லிட்டாரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னுட்டாரு. சகலை இந்த விஷயத்துல பெரிய ஞானியாம். கிள்ளான்ல இருக்காராம்."

யுகேந்திரன் ரெக்கார்டை உறையிலிருந்து எடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

"கிள்ளான்லயா ஆன்டி?" என்றாள் மலர்விழி, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாம்மா. நீங்களும் கிள்ளான்தானே. தெரியுமா அவர?"

"தெரியும்னுதான் நெனைச்சேன்" என்றாள் அவள்.

அவனுக்குக் காது மடல் சுட்டது. பேச்சு நீளாமல் இருக்க அவசரமாக ஊசியை இறக்கினான்.

வயலின்கள் எழுந்தன. அடடா. அவன் இத்தனை வருஷம் கேட்டது வயலினே இல்லை. வில் நரம்பில் உரசுவது தெரிந்தது, பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியில் அசைந்து உட்கார்வதுகூடத் தெரிந்தது. தபலா விழுந்தபோது நெஞ்சில் வந்து விழுந்தது. பாடுகிறவள் மூச்சை இழுத்தாள். பக்கத்தில் நின்று இழுத்த மாதிரி இருந்தது. சந்தோஷம் வர வேண்டிய இடம் அது. யுகேந்திரனுக்கு வந்ததோ வேறு. இது சபாபதி வீட்டில் கேட்காது! அவன் தலைகீழாக நின்றாலும் கேட்காது!

பல்லவியின் முதல் வரி முடிந்ததும் ஊசியைத் தூக்கினான். மறுபடி ஆரம்பத்தில் வைத்தான். வயலின், தபலா, மூச்சு, ஒரு வரி. தூக்கினான். ஒரு திருகைச் சற்றே நகர்த்தினான். மறுபடி வைத்தான். வயலின், தபலா, மூச்சு.

"விடுங்களேன்" என்றாள் மலர்விழி. "பாடட்டுமே."

"இரு மலரு, இப்பத்தான் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கேன்."

அவன் கை ஊசிக்குப் போவதற்குள் அவள் எழுந்து வந்து தானே தூக்கிவிட்டாள். ரெக்கார்டை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனுடைய ரெக்கார்ட் ஒன்றைத் தொட்டதே அன்றைக்குத்தான். யுகேந்திரன் பதறிப்போய், "விரல் படாம" என்றான்.

"ஆன்டி, இங்க வந்து பாருங்க" என்றாள் அவள். "ஓரத்துல ஒரு விரல்கடை மட்டும் தேஞ்சு வெளுத்துப் போயிருக்கு. மிச்சமெல்லாம் கடையில வாங்கின மாதிரி மினுங்குது."

நல்லம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு யுகேந்திரனைப் பார்த்தாள்.

"தம்பி, இந்தப் பாட்டு எத்தனை காலமா வச்சிருக்கீங்க?"

"இருபது வருஷத்துக்கு மேல ஆன்டி. இதுலதான் நான் எல்லாத்தையும் செக் பண்ணுவேன்."

"அப்ப சொல்லுங்க. பல்லவி முடிஞ்சதும் சரணம் எப்படி வரும்?"

யுகேந்திரன் வாயைத் திறந்தான். வயலின் எத்தனை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். தபலா இடது ஸ்பீக்கரிலா வலது ஸ்பீக்கரிலா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சரணம்? அப்படி ஒன்று அந்த ரெக்கார்டில் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "நான் வரியெல்லாம் கவனிக்கறதில்ல ஆன்டி. சவுண்டுதான்..." என்று இழுத்தான்.

மலர்விழி ஜன்னலண்டை நின்றபடியே பாடினாள். பெரிய குரல் இல்லை, சுருதியும் கொஞ்சம் முன்னே பின்னே. கோபித்துக்கொண்டு வெளியே போனவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டுத் தானும் உண்ணாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் பாட்டு அது. அவன் பசியோடு திரும்பி வருவானா, யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு வருவானா என்று அவள் கேட்கிறாள். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் யுகேந்திரன். வீட்டில் பொருள் காணாமல் போன மாதிரி இருந்தது அவன் குரல்.

"அக்கா வீட்டுல கேட்டேன்."

"சபாபதி வீட்டுலயா? என் பாட்டையா?"

"உங்க பாட்டு எங்க இருக்கு? உங்ககிட்ட இருக்கறது வயலின். நீங்க அந்த ரூம்ல இந்தப் பாட்டப் போட்டா நான் அடுப்படில வேலைய விட்டுட்டு நின்னு கேப்பேன். இந்தத் தடவையாவது விடுவாரு, இந்தத் தடவையாவது விடுவாருன்னு. அவ வாயத் திறப்பா, நீங்க தூக்கிடுவீங்க. இருபது வருஷம். கடைசில ஒரு நாள் அக்கா வீட்டுல மாமாகிட்ட கேட்டேன், இது முழுசா இருக்கான்னு. எங்கேயோ தேடிப்பிடிச்சு வாங்கிட்டு வந்து போட்டாரு. அக்காவும் மாமாவும் சோபாவுல உக்காந்துக்கிட்டு, கூடவே தப்புத் தப்பா பாடிக்கிட்டு, நடுவுல சண்டை வேற போட்டுக்கிட்டு முழுசா கேக்கறாங்க. அத பாக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? கூடப் பொறந்த அக்காவ பாத்து வயிறெரிஞ்சிருக்கேன். அவ நகையப் பாத்தும் இல்ல, வீட்டப் பாத்தும் இல்ல."

 கீழே தெருவில் ஒரு லோரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"சக்களத்தின்னு சொன்னேனே" என்றாள் நல்லம்மாள் மலர்விழியிடம், குரலைத் தாழ்த்தி. "ஆனா ஒன்னும்மா, அவரு ஊசிய வச்சாருன்னா முழுசா ஓட விடுவாரு. நானும் உன்ன மாதிரி அடுப்படிலதான் நின்னேன். எனக்கும் முழுசாத்தான் கேட்டுச்சு." பிறகு நிமிர்ந்து, நாட்டாமை தீர்ப்புச் சொல்கிற தோரணையில் கேட்டாள்: "சொல்லு. இது உன் வீட்டுக்குப் போகட்டுமா?"

யுகேந்திரன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். சரி என்று சொல்லிவிடு மலரு. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் இனி எல்லாப் பாட்டையும் முழுசாகப் போடுகிறேன். அந்த நேரத்தில் அவன் மனதார வேண்டிக்கொண்டான்தான். ஆனால் அந்த வேண்டுதலுக்குள்ளேயும் சபாபதியின் முகம் வாடுகிற காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது?

"அக்கா வீட்டுக்குப் போகட்டும் ஆன்டி" என்றாள் மலர்விழி. "அங்கன்னா நான் போய்க் கேப்பேன்."

நல்லம்மாள் அப்போதே போனை எடுத்து, பக்கத்துத் தெருவில் இருந்த சபாபதியை வரச்சொன்னாள். அவன் வரும்வரைக்கும் என்று மலர்விழி ரெக்கார்டை மறுபடி அதே பக்கம் வைத்து ஊசியை இறக்கினாள். யாரும் தூக்கவில்லை. பல்லவி ஓடி முடிந்தது. புல்லாங்குழல் ஒன்று எங்கிருந்தோ வந்தது; அப்படி ஒன்று இருப்பதே யுகேந்திரனுக்குத் தெரியாது. முதல் சரணம் வந்தது. மூடி வைத்த சோறும் உண்ணாத பெண்ணும் அந்த நீல வெளிச்சத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாக இருந்தது. அவனுக்கு வாய்விட்டுச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் நன்றாகவே இருந்தது. இதை சபாபதி எத்தனை தடவை கேட்டிருப்பான்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல், காலை நீட்டிக்கொண்டு, பெண்டாட்டி பக்கத்தில் இருக்க, மச்சினி எதிரில் இருக்க. யுகேந்திரனுக்கு மறுபடி வயிறு எரிந்தது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் வெறும் ஏப்பம்.

சரணம் முடிந்து குழல் திரும்பும்போது சபாபதி கதவைத் தட்டினான். நல்லம்மாள் சுவிட்சை அணைத்தாள்.

"அட, சகல! நீயும் இருக்கியா?" சபாபதிக்கு முகமெல்லாம் பல். "குப்பைன்னு சொன்னியே?"

யுகேந்திரன் காலி ரெக்கார்ட் உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நல்லம்மாள் ஒருத்தர் மாற்றி ஒருத்தரைப் பார்த்தாள். ஞானி யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போன்ல சொன்னது மாமா" என்றாள் மலர்விழி. "அப்புறம் மனசு கேக்காம நேர்லயே வந்து பாத்தாரு. நல்ல சாமான்னு சொல்லிட்டாரு. நீங்க எடுத்துக்குங்க."

"எனக்காகவா கிள்ளான்லேருந்து வந்த?" சபாபதி அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். கண் கலங்கிவிட்டது அந்த மனுஷனுக்கு. "உன்ன மாதிரி சகலை யாருக்குலா கெடைப்பான்! வா, ஒரு கை புடி. இத ஒரு ஆளா தூக்க முடியாது."

மூன்று மாடி. சபாபதி முன்னால், யுகேந்திரன் பின்னால். இருபது வருஷம் படத்தில் பார்த்து ஏங்கியதை முதல்முறையாகக் கட்டிப் பிடித்துத் தூக்கினான், சகலைக்காகத் தூக்கினான். சூடு இன்னும் ஆறவில்லை, சட்டையைத் தாண்டி நெஞ்சில் பட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அதை நழுவவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. தனக்கு ஒரு கண் போனாலும் எதிராளிக்கு இரண்டும் போக வேண்டும் என்று நினைக்கிற ஜாதி மனசு. ஆனால் கை விடவில்லை, இன்னும் இறுகத்தான் பிடித்துக்கொண்டது.

கீழே சபாபதியின் வேனில் பழைய மெத்தையை விரித்து அதை டிரான்ஸ்ஃபார்மரோடு உட்கார வைத்தார்கள். மலர்விழி ரெக்கார்டை உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி வேனின் முன்சீட்டில் ஏறினாள்.

"இத நான் எடுத்துட்டுப் போறேன். அக்காகிட்ட இருக்கறது பூரா தேஞ்சு போச்சு. இதுல ஓரத்தத் தவிர எல்லாம் புதுசு."

"பின்னாலயே வந்துரு சகல. தமா கோழி சமைச்சிருக்கா" என்று சபாபதி வேனை எடுத்தான்.

யுகேந்திரன் காரில் ஏறி உட்கார்ந்தான். ரோஷமுள்ளவன் இந்த நேரத்தில் நேரே ஃபெடரல் ஹைவேயைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்ச் சேர வேண்டும். அவனும் அப்படித்தான் முடிவு பண்ணினான். தெருமுனை வரைக்கும் அந்த முடிவு தாங்கியது. சிக்னலில் நிற்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை இறக்கி வைத்துவிடுவார்கள். நீலம் வரும். மலர்விழி ஊசியை வைப்பாள். சபாபதி தப்பாகப் பாடுவான், தமயந்தி திட்டுவாள், இவன் பெண்டாட்டி சிரிப்பாள். பாட்டில் வருகிற அந்தப் பெண் சாப்பிட்டாளா, அவளுடையவன் திரும்பி வந்தானா என்பது அந்த மூன்று பேருக்கும் தெரியும். இவனுக்கு மட்டும் தெரியாது. இவன் பாட்டு! கக்கத்தில் வைத்துக் காப்பாற்றியது இவன்!

அதை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை. பின்னால் எவனோ ஹார்ன் அடித்தான். யுகேந்திரன் அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, சபாபதி வீட்டுப் பக்கம் காரைத் திருப்பினான்.